மாலதி தீதியின் பங்கில் சேரப்போகும் மகனுக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் சொன்னேன். ஏன் என்று கேட்டாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அப்போது வாயில் வந்த பொய் அது. என் பொய்கள் பெரும்பாலும் அப்படித்தான், சின்னதாக, யாருக்கும் வலிக்காதது போலத்தான் தொடங்கும். நீ திரும்பக் கூப்பிட்டு, "உனக்கு யார் மேலயும் நம்பிக்கை கிடையாதும்மா, அதான் பிரச்சனை" என்றாய். வாயால் சொல்ல வராததை எழுதிவிடலாம் என்பது என் பழைய பழக்கம். இந்த முறையாவது அதை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தப் பார்க்கிறேன்.

நீ கேட்டது சின்ன விஷயம். மங்லுட்டானில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு வங்காளி அம்மாவும் அவள் மகளும் உங்கள் பத்துபஸ்தி பக்கம் பன்னிரண்டு வீடுகளுக்குப் பங்கு கொடுக்கப் போகிறார்கள். ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். வாரம் ஒரு கூடை காய்கறி, மாதம் இரண்டு தடவை நாட்டுக்கோழியோ ஆட்டுக்கறியோ வீடு தேடி வரும். வீடுகளைச் சேர்த்துப் பட்டியல் வைத்துக்கொள்ள ஒருவர் வேண்டும், நீ படித்த பையன், பொறுமையானவன், நீயே இரு என்று கேட்டிருக்கிறார்கள். "சுபாவுக்கு அஞ்சு மாசம் ஆச்சும்மா. ஐஸ்ல கெடந்த பிராய்லரும், ஷிப்ல பத்து நாள் வெந்துபோன கேரட்டும்தான் அவளுக்கு ஆக்கிப் போடணுமா?" என்று கேட்டாய். நியாயம்தான். அதுவரைக்கும் நான் சரி என்று சொல்லத்தான் இருந்தேன். அப்புறம் நீ சொன்னாய்: "அந்த தீதிக்கு உன்னத் தெரியுமாம், அம்மா. உன் பேரச் சொன்னதும், அவங்களா, எனக்கு ஒருக்கா லெட்டர் எழுதிக் குடுத்தாங்களேன்னு சொன்னாங்க." அதைக் கேட்ட பிறகுதான் வேண்டாம் என்றேன்.

நாம் டாலிகஞ்சில் இருந்தபோது உனக்குப் பத்து, பதினோரு வயது. அக்கா என்ற அர்த்தத்தில் எல்லோரும் தீதி என்று கூப்பிட்ட மாலதியை நீ மறந்திருப்பாய். அவள் கொண்டுவந்த வாத்து முட்டை ஒருவேளை நினைவிருக்கலாம், வேகவைத்த மஞ்சள் கருவைப் பார்த்து இது ஏன் இவ்வளவு சிவப்பு என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். அந்தச் சமயத்தில்தான் நான் தபால் வழியில் பி.ஏ. முடித்திருந்தேன். பதினெட்டில் கல்யாணம், பத்தொன்பதில் நீ. உன்னைப் பக்கத்தில் தூங்கவைத்துவிட்டுப் பரீட்சைக்குப் படித்தேன். கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்கிய உன் தாத்தாவுக்குக் கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை உன்னிடம் பெருமையாகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்தப் பட்டத்தை வைத்து நான் செய்த முதல் காரியம் எது என்று மட்டும் சொன்னதில்லை.

நான் நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க மாட்டேன். உனக்கே தெரியும், உன் பள்ளிக்கூடத்து மீட்டிங்கில்கூடச் சுவரோரமாக நின்றுவிட்டு வந்துவிடுவேன். ஆனால் காகிதம் கிடைத்தால் வேறு ஆள். டாலிகஞ்சில் நாம் இருந்த அந்தப் பத்து வீட்டு லைனில் யாருக்காவது தண்ணீர்க் குழாய்க்கு மனு வேண்டுமா, பென்ஷனுக்கு விண்ணப்பம் வேண்டுமா, என்னிடம்தான் வருவார்கள். இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பேன். "இவங்க எழுதினா ஆபீஸ்ல ஒடனே நடக்கும்" என்று சண்முகம் அண்ணன் எல்லோர் முன்னாலும் சொல்வார். அவர் சின்னச் சின்னக் கட்டட வேலைகள் எடுத்துச் செய்தவர், லைனில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் அப்படிச் சொல்லும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். வெட்கத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள். சிரிப்பை மறைக்கத்தான் குனிந்தேன்.

அந்த வருஷம் மழை தொடங்கிய நேரத்தில் கடல் மோசமாகிக் கப்பல்கள் நின்றுவிட்டன. மெயின்லேண்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. முதல் வாரம் தக்காளி போனது, அப்புறம் வெங்காயம், உருளைக்கிழங்கு. மூன்றாவது வாரத்தில் ஆயிஷா அக்கா தன் மளிகைக் கடையில் வெங்காயத்தைத் தராசில் போடாமல் எண்ணிக் கொடுத்தாள். உன் அப்பா ஜெட்டியிலிருந்து சரக்கு ஏற்றும் வண்டி ஓட்டியவர், அவருக்கும் வேலை இல்லை, வீட்டில் உட்கார்ந்து வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் மாலதி தீதி தலையில் கூடையோடு எங்கள் லைனுக்கு வந்தாள். கல்மிக் கீரை, வாழைப்பூ, பூசணி, பச்சைப் பப்பாளி, புடலை. பத்து வீட்டுப் பெண்களும் கூடையைச் சுற்றி நின்ற நிற்பைப் பார்த்திருக்க வேண்டும். "தீதி எனக்கு, தீதி எனக்கு" என்று சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "இப்படி இழுத்தா நாளைக்கு வரமாட்டேன். மொதல்ல எனக்கு எத்தன வீடுன்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்தாப்புல வெதைக்கிறேன்" என்றாள். அவள் பேசியது ஹிந்தி, நான் தமிழில் எழுதுகிறேன்.

அப்படித்தான் பங்கு தொடங்கியது. சண்முகம் அண்ணன்தான் முன்னின்றார். "இனிமே ஷிப்ப நம்பிப் பொழைக்க வேண்டாம். நம்ம தீவு, நம்ம காய், நம்ம கறி" என்று பேசினார், எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறு மாதப் பணத்தை முன்னாலேயே வாங்கிக்கொள்ளாமல் அவளால் விதையும் தீவனமும் வாங்க முடியாது. அதனால் ஒப்பந்தம் ஒன்று எழுதச் சொன்னார்கள். நான்தான் எழுதினேன். யாரும் நடுவில் விலகக் கூடாது, கொடுத்த பொருள் கெட்டுப்போயிருந்தால் மட்டும் விலகலாம், பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை யாரும் கேட்கவில்லை. அது இருந்தால்தான் ஒப்பந்தம் மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தீதிக்கு இங்கிலீஷ் தெரியாது. வங்காளத்தில் தன் பெயரை அழகாக எழுதினாள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு ஆடு அடிப்போம். ஆயிஷா அக்காவின் கணவர் காசிம் பாய் விடிகாலையிலேயே மங்லுட்டான் பஸ்ஸில் போய்விடுவார். அவர் ஓதி அறுத்தால்தான் அவர்கள் வீட்டில் சாப்பிட முடியும், மற்றவர்களுக்கு யார் அறுத்தாலும் சரி. மற்றவர்கள் அடுத்த பஸ்ஸில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் நம் ஊர்ப்பக்கம் செய்வது போலக் கூறு போடுவோம். பத்து வாழையிலை விரித்து, சதை, எலும்பு, ஈரல், குடல் எல்லாம் எல்லா இலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பார்கள். எவ்வளவு பார்த்து வைத்தாலும் ஒரு கூறு நன்றாக இருக்கும், ஒரு கூறு எலும்பாக இருக்கும். அதனால் ஒருத்தர் இலைகளுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். இன்னொருத்தர் ஒரு இலையைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார். முதுகு காட்டி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். யாருக்கு எது விழுந்தாலும் சண்டை கிடையாது. முதுகு காட்டி நிற்கும் ஆளாக என்னைத்தான் நிறுத்தினார்கள். "இவங்க வம்புதும்புக்குப் போகாதவங்க" என்றார்கள். நான் பாக்கு மரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பின்னால் தீதி "யே கிஸ்கா?" என்பாள். நான் ஒரு பெயர் சொல்வேன். எலும்புக் கூறு விழுந்த அன்றைக்கு சண்முகம் அண்ணன், "படிச்சவங்களுக்கு முதுகுலயும் கண்ணு இருக்கும்போல" என்றார். "அப்ப நல்ல கூறுக்கு என் பேரச் சொல்லியிருக்க மாட்டாளா? போன தடவ எங்களுக்கும் வெறும் நெஞ்செலும்புதான்" என்றார் உன் அப்பா. தீதி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்த மாதிரி ஒரு கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தது அந்த நாலைந்து ஞாயிறுகள்தான்.

பிறகு கப்பல் வந்தது. அதுதான் நடந்த பெரிய அநியாயம், தம்பி. யாரும் யாருக்கும் துரோகம் செய்யத் திட்டம் போடவில்லை. கடல் அடங்கியது, ஒரே வாரத்தில் இரண்டு கப்பல் வந்தது. உன் அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். "ஷிப் வந்தா எனக்குக் கொண்டாட்டம், உன் தீதிக்குத் திண்டாட்டம்" என்று போகிற போக்கில் சொன்னார். அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் ஒரு தீர்க்கதரிசனமாக இன்றும் கேட்கிறேன். மார்க்கெட்டில் தக்காளி குவிந்தது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பெட்டி பெட்டியாக முட்டை, ஐஸில் வைத்த பிராய்லர். அந்த வாரம் தீதி கொண்டுவந்த கூடைகளில் மழைக்கு நிற்கும் காய்கள்தான் இருந்தன: மறுபடியும் பூசணி, மறுபடியும் கல்மி, மறுபடியும் வாழைப்பூ. ஆயிஷா அக்கா முகத்தைச் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள், "வெளிய வச்சுட்டுப் போங்க தீதி, அப்புறமா எடுத்துக்கறோம்" என்றார்கள். எடுக்கவில்லை. மறுநாள் நான் பார்க்கும்போது மூன்று கூடையில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் கூடையையும் நான் இரண்டு நாள் கழித்துத்தான் பிரித்தேன். கீரை கறுத்துக் கூழாகியிருந்தது. நம் வீட்டிலும் அன்றைக்குத் தக்காளிக் குழம்புதான். நீ இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாய்.

அடுத்த ஞாயிறு ஆட்டுக்கு யாரும் போகவில்லை. காசிம் பாய் மட்டும் போய் அறுத்துக் கூறு போட்டு, பத்துக் கூறையும் பஸ்ஸில் சுமந்து வந்தார். வழியில் மழை, பஸ் நின்றது, அவர் வந்து சேர மத்தியானம் ஆனது. கறி கெடவில்லை. நான் சமைத்தேன், நாம் சாப்பிட்டோம், எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் சண்முகம் அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். அவர் பின்னால் நான்கைந்து பேர்.

"தங்கச்சி, இந்தப் பங்க முடிச்சுக்கலாம்னு பாக்கறோம்" என்றார். "கறி நாறுதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நாறலண்ணே" என்று உன் அப்பாதான் சொன்னார். நான் இல்லை.

"உனக்கு மூக்கடைப்பு இருந்திருக்கும்" என்றார் அவர். சிரித்தார்கள். "ஒப்பந்தத்துல தங்கச்சியே எழுதியிருக்காங்கல்ல, கெட்டுப்போனா வெலகலாம்னு. சும்மா கேட்டா பணம் திரும்ப வராது. அந்தம்மாவுக்கு மானியத்துல ஆடு குடுத்த கால்நடை ஆபீசுக்கு ஒரு லெட்டர் போகட்டும். பணம் தானா வரும். தங்கச்சி இங்கிலீஷுக்கு யார் மறுப்பு சொல்லுவா?"

முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். உனக்கு இருபத்து நான்கு வயதாகிறது, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். நான் பயத்தால் மட்டும் எழுதவில்லை. அவர்கள் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. என் இங்கிலீஷுக்கு யார் மறுப்பு சொல்ல முடியும் என்று நானும் நினைத்தேன். அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். "கெட்டுப்போன கறி" என்பதற்குச் சாதாரணமான வார்த்தை போதாது என்று பட்டது. அகராதியை எடுத்து ஒரு கனமான வார்த்தையைத் தேடிப் போட்டேன். குழந்தைகளுக்கு வாந்தி என்று ஒரு வரி சேர்த்தேன். எந்தக் குழந்தைக்கும் வாந்தி இல்லை, தம்பி. நம் வீட்டில் இருந்த ஒரே குழந்தை நீ, உன் வயிறு நன்றாக இருந்தது. கீழே யார் பெயரும் இல்லை, "லைன் குடியிருப்போர்" என்று மட்டும் போட்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் மாலதி தீதி வந்தாள். கையில் பிளாஸ்டிக் பை, அதற்குள் மடித்த காகிதம். ஆபீசிலிருந்து அவளுக்கு நோட்டீஸ் வந்திருந்தது. ஒரு வாரத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், புகாரின் நகல் இத்துடன் இருக்கிறது என்று. அவள் பஸ் பிடித்து, எங்கே போகலாம் என்று யோசிக்காமல் நேராக என்னிடம் வந்திருந்தாள். எனக்கு ஒரு பப்பாளியும் கொண்டுவந்திருந்தாள்.

"உங்க லைன்லேருந்து யாரோ எழுதியிருக்காங்களாம். என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு பஹன்." தங்கை என்றுதான் அவள் என்னைக் கூப்பிடுவாள்.

நான் எழுதிய கடிதத்தை நான் வாசித்தேன். ஒவ்வொரு வரியாக ஹிந்தியில் மாற்றிச் சொன்னேன். அந்தக் கனமான வார்த்தை வந்த இடத்தில் தயங்கினேன். அவள் என் விரல் நின்ற இடத்தைப் பார்த்து, "இது என்ன?" என்றாள். "கெட்டுப்போனதுன்னு போட்டிருக்கு" என்றேன். "அவ்வளவு சின்ன அர்த்தத்துக்கு இவ்வளவு பெரிய வார்த்தையா" என்றாள். பிறகு, "கொழந்தைங்களுக்கு வாந்தின்னா எந்த வீட்டுல? நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்று எழுந்தாள். "இப்ப போகாதீங்க, ஆபீசு விஷயம், நேர்ல போனா தப்பாயிடும்" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அவளுக்கு நல்லது சொல்வது போலவே சொன்னேன். "அப்ப நீயே பதில் எழுதிக் குடு" என்றாள்.

இந்த இடத்தை எழுதத்தான் மூன்று நாளாகக் கடத்திக்கொண்டிருந்தேன். நான் அவளுக்கு நல்ல பதில் எழுதியிருக்க முடியும். காசிம் பாய் சாட்சி என்று எழுதியிருக்கலாம், கறியை நானே சமைத்தேன் என்று எழுதியிருக்கலாம், எந்த வீட்டில் எந்தக் குழந்தைக்கு என்று கேட்டிருக்கலாம். அப்படி எழுதினால் அந்த ஆபீசில் இருப்பவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், இரண்டும் ஒரே கை என்று கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். அதனால் எழுத்தைச் சாய்த்து, இங்கிலீஷை வேண்டுமென்றே கெடுத்து, நான்கு வரி எழுதினேன். நான் ஏழை, படிக்காதவள், தெரியாமல் நடந்துவிட்டது, இந்த ஒருமுறை மன்னிக்க வேண்டும். அவ்வளவுதான். செய்யாத தப்பை ஒப்புக்கொள்ளும் கடிதம். "நல்லா எழுதியிருக்கியா?" என்றாள். "இருக்கு தீதி" என்றேன். நகல் ஒன்று கேட்டாள், எழுதிக் கொடுத்தேன். அவள் வங்காளத்தில் தன் பெயரை எழுதினாள். பப்பாளியை நாம் சாப்பிட்டோம். நன்றாகப் பழுத்திருந்தது.

அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு, ஆபீஸ்காரர்கள் தாங்கள் கொடுத்த ஆடுகளைத் திரும்ப ஓட்டிப் போனார்கள். ஆபீசைச் சொல்லிக் குற்றமில்லை, கையில் இருந்த காகிதத்தை வைத்துத்தானே முடிவு செய்ய முடியும். லைனில் எல்லோருக்கும் பணம் திரும்ப வந்தது. சண்முகம் அண்ணன் என்னைப் பார்த்து, "தங்கச்சி பேனாவுக்கு ஒரு மாலை போடணும்" என்றார். ஆயிஷா அக்கா மட்டும் அப்புறம் என்னிடம் எந்த மனுவும் எழுதக் கேட்கவில்லை. கடைக்குப் போனால் சாமானைக் கொடுப்பாள், பேசமாட்டாள். காசிம் பாய் எனக்கு எதிரில் வந்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். உன் அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார்: "அந்தம்மாவுக்குப் பதில் எழுதினதும் நீதானா?" ஆமாம் என்றேன். "ரெண்டு பக்கமும் ஒரே ஆள் பந்து போட்டா ஆட்டம் நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். இறக்கும் வரை அதைப் பற்றி வேறு பேசவில்லை. அடுத்த மழையில் மறுபடியும் கப்பல் நின்றது. லைனில் எல்லோரும், "அந்த தீதி எங்க போனா, ஒரு நன்றி விசுவாசம் வேண்டாமா, இந்த நேரத்துல வரமாட்டேங்கறாளே" என்று பேசிக்கொண்டார்கள். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

உனக்கு நான் நிறையப் புத்திமதி சொல்லி வளர்த்தேன். பொய் சொல்லாதே, கூட்டத்தோடு சேராதே என்றெல்லாம். அவை எல்லாம் யாரோ சொல்லி நான் கேட்டவை. நானாகப் பட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். இந்தத் தீவில் பங்கு சேரும்போது கப்பல் எப்போது வரும் என்று பார்த்துச் சேராதே. மூன்று வாரம் வெங்காயம் இல்லாதபோது எல்லோரும் விவசாயிக்குச் சொந்தக்காரர்கள்தான். தக்காளிப் பெட்டிகள் இறங்கிய வாரத்தில் பூசணிக் கூடையை வாசலில் விடாமல் உள்ளே எடுத்துவைக்க உன்னால் முடியுமா என்று பார். முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடு, அவள் அந்த அளவுக்குக் குறைத்து விதைப்பாள். சுபாவுக்கு வாழைப்பூ பிடிக்காது என்பது எனக்குத் தெரியும், மழைக்காலம் முழுக்க அதுதான் வரும், அதையும் அவளிடம் சொல். பட்டியல் வைத்துக்கொள்ளும் வேலை வேண்டாம். உன்னைப் படித்தவன், பொறுமையானவன் என்கிறார்களே, என்னையும் அதைத்தான் சொன்னார்கள். ஜனங்களுக்கு அவர்கள் பொய்யை நல்ல எழுத்தில் எழுதித்தர ஒரு பொறுமையான ஆள் எப்போதும் தேவைப்படுகிறது. உனக்கும் என்னைப் போலவே முடியாது என்று சொல்ல வராது. அந்தக் குணத்தை நீ என்னிடமிருந்துதான் வாங்கினாய், அதற்காக வருத்தப்படுகிறேன்.

புதன்கிழமை நான் மங்லுட்டான் போனேன். பஸ்ஸில் இருக்கும்போதே இரண்டு தடவை இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். தோட்டத்தில் தீதி கல்மிக் கீரையைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் வந்ததற்கு ஆச்சரியப்படவில்லை. பக்கத்தில் இருந்த மணையைக் காலால் என் பக்கம் தள்ளினாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன், அந்தப் புகாரை எழுதியது நான் என்று. என் ஹிந்தி தடுமாறியது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு விஷயத்தைக் காகிதம் இல்லாமல் சொன்னேன்.

அவள் ஒரு கட்டைக் கட்டி முடித்தாள். "அதுவும் நீதானா" என்றாள்.

அதுவும் என்றதும் எனக்குப் புரிந்தது, மீதியை அவளே சொன்னாள். அவள் மகள் பத்தாவது படிக்கும்போது, டிரங்குப் பெட்டியில் இருந்த நகலை எடுத்து அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். பதிலில் நான் என்ன எழுதியிருந்தேன் என்பது அவளுக்கு ஏழு வருஷமாகத் தெரியும். உன்னிடம் "எனக்கு லெட்டர் எழுதிக் குடுத்தாங்க" என்று அவள் சொன்னது அதை மனதில் வைத்துத்தானா, இல்லை வெறுமனே சொன்னதா, நான் கேட்கவில்லை.

"புகார் பத்து வீட்டுக்காரங்க சேந்து சொன்ன பொய்" என்றாள். "விடு, ஜனங்க அப்படித்தான், கப்பல் வந்தா மாறுவாங்க. பதில் நீ ஒருத்தி எழுதினது. நான் உன் வீட்டுல உக்காந்து, எனக்காக எழுதுன்னு கேட்டேன்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். அவளுக்காக நான் எழுதிய பதிலின் கடைசி வரி அதுதான் என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டேன். என் மகனைப் பங்கில் சேர்த்துக்கொள்வீர்களா என்று மட்டும் கேட்டேன்.

"உன் பேட்டா வரட்டும். அவன் பொண்டாட்டி வயித்துப்புள்ளக்காரி, அவளுக்கு நல்ல கோழியாப் பாத்துக் குடுக்கறேன். அவங்க மேல எனக்கு என்ன?" என்றாள். பிறகு முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆனா என் தோட்டத்துச் சாமான் உன் வாயில போகக் கூடாது. ஒரு கீரை எலகூட."

சரி என்றேன்.

"நான் வந்து பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றாள். "நீதான் பாத்துக்கணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் கழித்துப் போய் ஒப்புக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் இறங்கியிருக்கக் கூடாதா என்று. டாலிகஞ்ச் ஸ்டாப் வருவதற்குள் அந்தக் கோபத்தைப் பார்த்து எனக்கே அருவருப்பாகிவிட்டது. ஒப்புக்கொண்டதற்கும் யாராவது மாலை போட வேண்டும் என்று என் மனம் இன்னும் எதிர்பார்க்கிறது.

ஆகவே, தம்பி, நீ கேட்டதற்குப் பதில்: சேர். ஞாயிற்றுக்கிழமை சொன்ன "வேண்டாம்" உனக்காகச் சொன்னது அல்ல, என் மானத்துக்காகச் சொன்னது, அதை மறந்துவிடு. ஆறு மாதத்துக்கும் சேர். வாழைப்பூ வந்தால் வாழைப்பூ தின்னுங்கள். இனிமேல் நான் வரும்போது எனக்கென்று எதையும் எடுத்துவைக்காதே, சுபாவிடம் காரணத்தை நீயே சொல்லிவிடு, அவள் மாமியாருக்குப் பத்தியமோ விரதமோ என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பிரசவத்துக்கு நான் வந்து இருக்கும் நாளில் எனக்கு ஒரு சின்னப் பாத்திரத்தில் தனியாக உலை வைத்துக்கொள்கிறேன், மார்க்கெட்டில் எனக்கு வேண்டியதை நானே வாங்கிக்கொள்கிறேன். சுபாவுக்குக் கோழிச்சாறு நான்தான் வைப்பேன், அதை யாருக்கும் விடமாட்டேன். உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் உன்னைக் கூப்பிடுவேன். கூப்பிட்டவுடனே வா.

அம்மா